வலையின் வாய் எந்தப் பக்கம்: நியூசிலாந்துப் பள்ளியில் இரு பண்பாட்டு உள்ளூர்ப் பாடத்திட்டம்

கேள்வி சுருக்கமாக இது: "கோயம்புத்தூரில் எட்டு ஆண்டுகள் பாடம் நடத்திவிட்டு, சென்ற ஆண்டு நியூசிலாந்தின் வைக்காட்டோ பகுதியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்திருக்கிறேன். 9, 10ஆம் ஆண்டு வகுப்புகளில் பாதிப் பிள்ளைகளுக்குப் பாடத்தில் ஒட்டுதலே இல்லை. இரு பண்பாட்டு உள்ளூர்ப் பாடத்திட்டம் எழுதும் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். நான் இந்த மண்ணின் பூர்வகுடியான மாவோரியும் அல்ல, வெள்ளைக்காரியும் அல்ல. எங்கே தொடங்குவது? எனக்கு இதில் என்ன இடம்?"

அதே வட்டாரத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அறிவியல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். அது தெளியாவிட்டால் மற்றவை தெளியாது.

'இரு பண்பாடு' என்றதும் நம்மவர்கள் தலைக்கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறார்கள். ஆக்லாந்தில் ஆசியர்கள் இத்தனை பேர், பசிபிக் தீவினர் இத்தனை பேர் இருக்கும்போது இரண்டே பண்பாடு என்பது என்ன நியாயம் என்று கேட்கிறார்கள். அந்த 'இரண்டு' மக்கள்தொகைக் கணக்கிலிருந்து வந்ததல்ல. 1840 பிப்ரவரி 6 அன்று வைத்தாங்கியில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியும் மாவோரித் தலைவர்களும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடத் தொடங்கினார்கள். தாள்கள் ஊர் ஊராகச் சென்றன. 500க்கும் மேற்பட்ட தலைவர்கள் கையெழுத்திட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கையெழுத்திட்டது மாவோரி மொழிப் பிரதியில். ஆங்கிலப் பிரதி இறையாண்மை முழுவதும் அரசியாருக்குப் போய்விட்டது என்கிறது. மாவோரிப் பிரதியோ 'காவனதங்க' என்ற ஆளுகையை மட்டும் கொடுத்துவிட்டு, நிலம், ஊர், அருஞ்செல்வங்கள் ஆகியவற்றின் மீதான முழு அதிகாரம் தலைவர்களிடமே இருக்கும் என்று உறுதியளிக்கிறது. 180 ஆண்டுகளாக நடக்கும் வழக்கு இந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது.

இரு பண்பாடு என்பது அந்தத் தாளின் இரு தரப்பைக் குறிக்கிறது. நாம் எந்தத் தரப்பு? அரசு கொடுத்த விசாவில் வந்தோம். அரசின் தரப்பில்தான் நிற்கிறோம். மண்ணின் மக்களைத் 'தங்கதா ஃபெனுவா' என்பார்கள். ஒப்பந்தத்தின் பேரில் இங்கு வாழும் நம்மைப் போன்றவர்களைத் 'தங்கதா திரிட்டி' என்பார்கள். 'ஃபெனுவா' என்ற சொல்லுக்கு நிலம் என்றும் நச்சுக்கொடி என்றும் இரண்டு பொருள். பிள்ளை பிறந்ததும் நச்சுக்கொடியைக் குடும்பத்தின் நிலத்தில் புதைக்கும் வழக்கம் அவர்களுக்கு உண்டு. தொப்புள்கொடி உறவு என்று பேச்சுக்குப் பேச்சு சொல்லும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே உங்களுக்கு இடம் உண்டு. விருந்தாளியின் இடமல்ல, உடன்படிக்கைக்குக் கட்டுப்பட்டவரின் இடம். கூச்சப்பட்டு மூலையில் உட்கார வேண்டாம்.

இனி பாடத்திட்டம். நீங்கள் வந்த ஊரில் அது சென்னையிலிருந்து அச்சடித்து வரும்; எந்த வாரம் எந்தப் பக்கம் என்பதுவரை யாரோ தீர்மானித்திருப்பார்கள். நியூசிலாந்தில் அரசுப் பாடநூல் என்று ஒன்று கிடையாது. 2007இல் வெளியான தேசியப் பாடத்திட்டம் ஒரு சட்டகம் மட்டுமே. அதற்குள் எதை, எந்த ஊரை வைத்து, எந்த வரிசையில் நடத்துவது என்பதைப் பள்ளியே அமைத்துக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். அப்படி அமைத்துக்கொள்வதுதான் உள்ளூர்ப் பாடத்திட்டம். அந்தத் தேசியச் சட்டகமே இப்போது திருத்தப்பட்டு வருகிறது. முன்பைவிட இறுக்கமாக, எந்த ஆண்டில் எது என்று பட்டியலிடும் போக்கில் இருக்கிறது. அதனால் உள்ளூருக்கு இடமில்லாமல் போய்விடும் என்று சிலர் கைகளை உதறிக்கொள்கிறார்கள். உணவுச் சங்கிலி என்று பட்டியலில் இருந்தால், யாருடைய ஆற்றின் உணவுச் சங்கிலி என்று தேர்ந்தெடுக்க எந்தப் பட்டியலும் தடை சொல்லாது.

நாங்கள் முதலில் எப்படிக் கெடுத்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் அப்போது இருந்த பள்ளியில் ஐந்து பேர் குழு. இரண்டு பருவங்கள் கூடிக் கூடிப் பேசி, நாற்பது பக்க ஆவணம் ஒன்றைத் தயாரித்தோம். வகுப்பறைக் கதவுகளில் மாவோரிப் பெயர்ப் பலகைகள் மாட்டினோம். ஒவ்வொரு பாட அலகின் முகப்பிலும் ஒரு மாவோரிப் பழமொழி. கோவில் திருவிழாவுக்குச் சீரியல் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. பள்ளிக்கு எதிரே ஓடும் ஓடை எந்தக் குலத்தவரின் பொறுப்பில் இருக்கிறது என்று அந்த ஐந்து பேரில் ஒருவருக்கும் தெரியாது. கேட்கவும் இல்லை. பிள்ளைகளுக்கு இதெல்லாம் புரியாது என்றா நினைக்கிறீர்கள்? "இந்தப் பழமொழி எந்தப் பகுதியுடையது சார்?" என்று ஒரு பெண் கேட்டாள். அது வடக்கே வேறொரு குலத்தாருடையது. எங்கோ இணையத்தில் எடுத்தது.

வைக்காட்டோவுக்கென்றே புகழ்பெற்ற ஒரு சொலவடை இருக்கிறது: ஆற்றின் ஒவ்வொரு வளைவிலும் ஒரு 'தனிவா'. தனிவா என்றால் நீரில் வாழும் காவல் சக்தி. இந்தச் சொலவடையில் அது குலத்தலைவரைக் குறிக்கிறது. வளைவுக்கு வளைவு ஆள் மாறும், அதிகாரம் மாறும், கதை மாறும் என்கிற ஊரில் போய் எல்லோருக்கும் பொதுவான 'மாவோரிப் பண்பாடு' என்று ஒன்றை நடத்தினால் எடுபடுமா?

பிள்ளைகள் ஏன் ஒட்டவில்லை என்பதற்கு இங்கே ஒரு முக்கியமான ஆய்வு இருக்கிறது. குழுவில் எல்லோரும் அதைத் தெரிந்துகொண்டு பேசினால் பாதி வாக்குவாதம் மிச்சமாகும். 2001இல் வைக்காட்டோ பல்கலைக்கழகத்தின் ரசல் பிஷப், மெரே பெரிமன் ஆகியோர் 'தே கோத்தஹிதங்க' என்ற பெயரில் தொடங்கியது. பின்னாளில் சுமார் 50 உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பரவியது. அவர்கள் செய்த முதல் வேலை 9, 10ஆம் ஆண்டு மாவோரி மாணவர்களை உட்காரவைத்து நீளமாகப் பேசவிட்டது. பெற்றோர்களையும் தலைமையாசிரியர்களையும் ஆசிரியர்களையும் தனித்தனியே கேட்டார்கள். பிள்ளைகள் ஏன் பின்தங்குகிறார்கள்? பெரும்பாலான ஆசிரியர்கள் வீட்டைக் காட்டினார்கள்: வறுமை, அக்கறையற்ற பெற்றோர், ஊக்கமின்மை. மாணவர்களோ ஆசிரியருக்கும் தங்களுக்கும் இடையிலான உறவைக் காட்டினார்கள். என் பெயரைச் சரியாகச் சொல்வதில்லை, என்னிடமிருந்து எதையும் எதிர்பார்ப்பதில்லை, இந்த ரகம். பெற்றோர்களும் தலைமையாசிரியர்களும் அதையேதான் சொன்னார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு உறைத்தது ஆய்வின் முடிவுகூட அல்ல. ஆசிரியர் அறையில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்து நானும் அதே 'வீடு சரியில்லை' கதையைப் பாடியிருக்கிறேன் என்பதுதான். நம் ஊரிலும் இந்தப் பாட்டு உண்டு. எந்தச் சேரிப் பிள்ளையைப் பற்றி, எந்த மலைக்கிராமத்துப் பிள்ளையைப் பற்றி என்பது மட்டும் மாறும்.

எனவே உங்கள் குழுவில் 'ஈடுபாடு' என்ற சொல் வரும்போதெல்லாம் ஒரு கேள்வி கேளுங்கள்: யார் எதில் ஈடுபட வேண்டும் என்கிறோம்? பிள்ளைகள் நம் பாடத்தில் ஈடுபட வேண்டும் என்று மட்டும் நினைத்தால், ஓவியமும் பாட்டும் வைத்து இனிப்புத் தடவிக் கொடுப்பதாகத்தான் முடியும். பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஏற்கெனவே கவலை இருக்கிற ஒரு விஷயத்தில் பள்ளி போய் ஈடுபட்டால் கதை வேறு.

அது வேறாகிப்போன இடம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2014இல் ஒத்தரஹாங்கா கல்லூரி (பெயரில் கல்லூரி என்றாலும் உயர்நிலைப் பள்ளிதான்) மாணவர்களை, 1860களில் அரசுப் படைக்கும் மாவோரிகளுக்கும் இடையே நிலப்போர் நடந்த இடங்களுக்கு அழைத்துச் சென்றார்கள். ஒன்று, 1864 பிப்ரவரி 21 அன்று அரசுப் படை விடியலில் தாக்கிய ராங்கியாஃபியா. அது கோதுமையும் பழமரங்களும் விளைந்த மாவோரி ஊர். தாக்குதல் நடந்தபோது பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் அங்கே இருந்தார்கள். மற்றொன்று, அதே ஆண்டு மார்ச் இறுதியில் மூன்று நாள் முற்றுகை நடந்த ஓராக்காவ். இரண்டும் பள்ளியிலிருந்து ஏறக்குறைய அரை மணி நேரக் கார்ப் பயணத்தில். பெரியவர்கள் அங்கேயே நின்று குடும்பத்தில் வழிவழியாக வந்த கதைகளைச் சொன்னார்கள். இவ்வளவு பக்கத்தில் நடந்ததை நமக்கு ஏன் யாரும் சொல்லித்தரவில்லை என்ற கேள்வி பிள்ளைகளுக்கு எழுந்தது. இரண்டு மாணவிகள் முன்னின்று ஒரு மனுத் தயாரித்தார்கள். 12,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு 2015 டிசம்பரில் அது நாடாளுமன்றப் படியேறியது. நிலப்போர்களுக்கென ஒரு தேசிய நினைவு நாள் வந்தது. நாட்டு வரலாறு 2023 முதல் 1 முதல் 10ஆம் ஆண்டு வரை கட்டாயப் பாடமாக ஆனதற்கும் அந்த மனு கிளப்பிய பேச்சு ஒரு முக்கியக் காரணம். ஒரு பஸ் பயணம். அதற்கு நாற்பது பக்க ஆவணம் எதுவும் தேவைப்பட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

வரலாறு சரி, அறிவியலில் எப்படி என்பீர்கள். எங்களுக்கு வாய்த்தது விலாங்கு. மாவோரியில் அதன் பெயர் 'துனா'; டின்னில் வரும் மீனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், நான் முதல் ஆண்டு குழப்பிக்கொண்டேன். இந்த நாட்டுக்கே உரிய நீளத் துடுப்பு விலாங்கின் வாழ்க்கை ஒரு காவியம். பெண் விலாங்கு ஆற்றிலேயே பல பத்தாண்டுகள், சில சமயம் எண்பது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்துவிட்டு, ஒரே ஒரு முறை முட்டையிடக் கடலிறங்கி, டோங்கா பக்கம் வெப்பமண்டலக் கடலுக்குப் போய் அங்கேயே செத்துவிடும். கண்ணாடி போன்ற குஞ்சுகள் நீரோட்டத்தோடு திரும்பி வந்து ஆறு ஏறும். வைக்காட்டோ ஆற்றில் ஏறினால் கரபிரோ அணை மறிக்கும். அணையடியில் குட்டி விலாங்குகளைப் பிடித்து, வண்டியில் ஏற்றி, மேலே கொண்டுபோய் விடுகிறார்கள். உயிரியல், இயற்பியல், மின்சாரத்தின் விலை, யாருக்கு ஆற்றின் மீது உரிமை என்பது எல்லாம் அந்த ஒரு வண்டியில் இருக்கிறது.

ஓடையின் பொறுப்பில் இருந்த குலத்தவரின் மராய்க்கு, அதாவது அவர்களின் ஊர் மன்றத்துக்கு, இம்முறை முதலில் போனோம். காகிதம் கொண்டுபோகவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஓடையைப் பற்றி எது தெரிந்திருக்க வேண்டும் என்று நீங்கள் விரும்புகிறீர்கள் என்று மட்டும் கேட்டோம். ஒரு பாட்டி, "ஓடையில் துனா இன்னும் இருக்கிறதா என்று எங்களுக்கே தெரிய வேண்டும்" என்றார். அலகு அங்கேயே பிறந்துவிட்டது. பிள்ளைகள் எண்ணிச் சொல்வதற்கு ஒரு கணக்கு, அந்தக் கணக்கைக் கேட்கக் காத்திருக்கும் ஒரு பாட்டி.

அனுமதிகள் எல்லாம் வாங்கி, 10ஆம் ஆண்டு வகுப்போடு ஓடைக்குப் போன நாள். வலை என்றால் துணிக்குழாய் மாதிரி நீளமானது; ஒரு பக்கம் வாய், உள்ளே போனால் வெளியே வர முடியாத குறுகல். நான் வாயை நீரோட்டத்தைப் பார்த்து, மேல்பக்கமாக வைத்துக் குச்சியை அடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் அங்கிருந்துதானே வருகிறது, மீனும் அங்கிருந்துதானே வரும் என்பது என் தர்க்கம். அந்த ஆண்டு முழுவதும் வகுப்பில் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு பையன் கரையிலிருந்து, "சார், அது தப்பு" என்றான். இறங்கி வந்து வலையைத் திருப்பினான். உள்ளே இரை கட்டியிருக்கிறோம். அதன் வாடை தண்ணீரோடு கீழே போகும். கீழே இருக்கிற துனா வாடையைப் பிடித்துக்கொண்டு மேலே வரும். அதனால் வாய் கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும். பிறகு, யாரும் கேட்காமலே, "இலையுதிர் காலத்தில் கடலுக்கு இறங்கும்போது வைத்தால் மட்டும் மேல்பக்கம். அப்போது அவை இரை தின்பதில்லை" என்று சேர்த்துக்கொண்டான். மாமாவிடம் கற்றதாம்.

பரவல், நீரோட்ட வேகம், விலங்கின் வலசை, பருவகால உடலியல். நான் மூன்று வாரம் கரும்பலகையில் போராடுகிற பாடத்தை அவன் முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு நிமிடத்தில் நடத்தினான். மாவோரியில் 'ஆக்கோ' என்ற ஒரே சொல் கற்பதையும் கற்பிப்பதையும் குறிக்கும். அதுவரை எனக்கு அது கதவில் மாட்டிய பலகைகளில் ஒன்றுதான்.

அவன் அதன்பின் மேதையாகிவிட்டான் என்று கதை முடிக்க மாட்டேன். தொப்பி இருந்தது, வீட்டுப்பாடம் வராத நாட்களும் இருந்தன. ஆனால் விலாங்குகளின் நீளத்தையும் எடையையும் வரைபடமாகப் போட்ட தாளை அவனே மராய்க்கு எடுத்துப்போய்ப் பாட்டியின் முன் விரித்தான். அச்சுகளுக்குப் பெயரிட மறந்த தாளை நான் திருப்பிக் கொடுத்தால் பையில் கசங்கிப் போகும். பாட்டி "இந்தப் பக்கக் கோடு என்ன?" என்று கேட்டதும் அவனே பேனாவை எடுத்தான்.

கணிதம், அறிவியல் நீர்த்துப்போகும் என்று பெற்றோர் சொல்வார்கள். நம் தமிழ்ப் பெற்றோர்தான் முதல் வரிசையில் நின்று சொல்வார்கள். அவர்களிடம் வாதாடாதீர்கள். பிடித்து, அடையாளமிட்டு, விட்டு, மறுபடி பிடித்து, மொத்த எண்ணிக்கையை விகிதத்தால் மதிப்பிடும் கணக்கைக் கையில் கொடுங்கள். வெப்பம் ஏறினால் நீரில் கரைந்த ஆக்சிஜன் ஏன் குறைகிறது என்ற வரைபடத்தைக் காட்டுங்கள். பாடம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை என்பது கண்ணுக்குத் தெரியும்.

உங்கள் சொந்தப் பண்பாட்டை எங்கே வைப்பது என்றும் தயங்குவீர்கள். வைக்கலாம், ஆனால் பார்த்து. எனக்கு ஒரு பிடி கிடைத்தது. வெலிங்டனில் உள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தில் தமிழ் எழுத்துப் பொறித்த வெண்கலக் கப்பல் மணி ஒன்றின் மேல்பகுதி இருக்கிறது. மொகைதீன் பக்‌ஷின் கப்பல் மணி என்ற பொருளில் வாசகம். 1830களில் வில்லியம் கொலென்சோ என்ற கிறிஸ்தவ மிஷனரி வடக்கே ஃபங்கரே பக்கம் அதைப் பார்த்தபோது மாவோரிகள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். பெருங்காற்றில் சாய்ந்த மரத்தின் வேரடியில் கிடைத்தது என்றார்களாம். இரும்புச் சட்டி ஒன்றைக் கொடுத்து அவர் அதை வாங்கிக்கொண்டார். எப்படி வந்தது என்பது இன்றுவரை புதிர். நான் பெருமையோடு அந்தப் படத்தை வகுப்பில் காட்டி, என் மொழி உங்கள் நாட்டுக்கு எப்போதோ வந்துவிட்டது என்றேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அதில் சமைத்தவர்கள் எந்தக் குலம்?" எனக்குத் தெரியவில்லை. கப்பல்காரர் பெயர் தெரியும், மிஷனரி பெயர் தெரியும். மணியைக் கண்டெடுத்துக் காத்து வைத்திருந்தவர்கள் என் கதையில் வெறும் 'மாவோரிகள்'. அந்த ஒரு கேள்விக்குப் பிறகு எந்த அலகை எழுதினாலும் பெயரில்லாமல் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் மூடுகிறேன்.

நட்சத்திரம் பாதுகாப்பான தொடக்கம். நம் கார்த்திகைக் கூட்டம்தான் அவர்களின் மத்தாரிக்கி. குளிர்கால நடுவில் அது விடியலில் எழுவது புத்தாண்டின் அடையாளம். 2022 முதல் பொது விடுமுறை. நீங்கள் கார்த்திகைப் பெண்கள் கதையைச் சொன்னால் வகுப்பில் இருக்கும் சமோவா, பிலிப்பைன்ஸ் பிள்ளைகளும் தத்தம் வீட்டுக் கதையை எடுப்பார்கள். ஆனால் மத்தாரிக்கியை எப்படிப் பார்ப்பது, எந்த விண்மீனுக்கு எந்தப் பொறுப்பு என்பது குலத்துக்குக் குலம் மாறும். அதை உங்கள் வட்டாரத்தாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பொல்லாத வழக்கத்தை மட்டும் குழுவில் முதல் நாளே நிறுத்திவிடுங்கள்: வகுப்பில் இருக்கும் ஒரே மாவோரிப் பிள்ளையைப் பார்த்து, "இதற்கு உங்கள் மொழியில் என்ன?" என்று கேட்பது. 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடந்த பள்ளிகளில் ஆங்கிலம்தான் பயிற்றுமொழி. மாவோரி பேசியதற்காக அடி வாங்கிய தலைமுறைகள் உண்டு. அவர்களின் பேரப்பிள்ளைக்கு மொழி தெரியாமல் இருக்கலாம். தெரியாததைச் சபையில் ஒப்புக்கொள்ளும் கூச்சத்துக்கு 'ஃபகமா' என்று பெயர். அதோடு அந்தப் பிள்ளை அந்த ஆண்டு வாய் திறக்காது.

அரசியலையும் சொல்லாமல் விட முடியாது. 2020 கல்விச் சட்டம், வைத்தாங்கி ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்துவதையும், பள்ளியின் திட்டங்களும் உள்ளூர்ப் பாடத்திட்டமும் அந்த வட்டார மாவோரி வழக்கங்களையும் அறிவையும் பிரதிபலிப்பதையும் பள்ளி வாரியங்களின் கடமையாக்கியது. 2025இல் இப்போதைய அரசு அந்தக் கடமையைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. ஏராளமான பள்ளிகள், சட்டம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நாங்கள் தொடர்வோம் என்று வெளிப்படையாக அறிவித்தன. உங்கள் வாரியம் எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். எதுவானாலும், சட்டம் கட்டாயப்படுத்தியதால் செய்த வேலை சட்டம் போனதும் போய்விடும். பாட்டிக்கு விலாங்குக் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கிற பள்ளியில் அது போகாது. அடுத்த ஆண்டும் அவர் கேட்பார்.

எங்கே தொடங்குவது? 9 அல்லது 10ஆம் ஆண்டில் ஒரே ஓர் அலகு. 11ஆம் ஆண்டிலிருந்து தேர்வுப் புள்ளிகளின் நெருக்கடி வந்துவிடும். அந்தத் தேர்வு முறையையே மாற்றப் போவதாகவும் அரசு அறிவித்திருக்கிறது, ஆகவே அங்கே இப்போது கைவைக்காதீர்கள். முழுப் பள்ளிக்கும் திட்டம் எழுதும் ஆசையைக் குழு விடாவிட்டால் எழுதட்டும். நீங்கள் ஓடைக்குப் போங்கள். மராய்க்குத் தனியாகப் போகாமல் பள்ளியின் மாவோரி மொழி ஆசிரியரோடு போங்கள், ஆனால் பேச்சு முழுவதையும் அவர் தலையில் கட்டிவிடாதீர்கள். ஊரில் எல்லாக் குழுவும் அவரைத்தான் கூப்பிடும். பக்கத்துப் பள்ளிகளையும் கேட்டுக்கொண்டு சேர்ந்து போவது நல்லது. ஒரே சிறு குலத்தை நான்கு பள்ளிகள் தனித்தனியே தட்டினால் அவர்களால் வேறு வேலை பார்க்க முடியாது.

பணம் ஒதுக்கச் சொல்லுங்கள். வரும் பெரியவர்களுக்குக் 'கோஹா' என்ற காணிக்கை, பெட்ரோல், சாப்பாடு. கருத்தரங்கு நிபுணருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கும் பள்ளி, ஓடையைப் பற்றி எழுபது ஆண்டு அறிந்தவருக்கு ஒரு நன்றி அட்டை கொடுத்து அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். மராயில் முதல் நாளே உங்களை அறிமுகப்படுத்தச் சொல்வார்கள்: எந்த மலை, எந்த ஆறு, எந்த மக்கள் என்று. கோயம்புத்தூர்க்காரருக்கு இது கடினமல்ல. மருதமலையும் நொய்யலும் போதும். ஆனால் நொய்யல் இப்போது எப்படி இருக்கிறது என்று அவர்கள் கேட்பார்கள், பதிலை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுச் சாக்ஸ் இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதத்தில் அந்த ஓடை எலும்பு வரை குளிரும்.